அட்டை சேகரிக்கும் பெரியவர்களுக்கு உங்கள் கைப்பேசியால் உதவுவது எப்படி? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ திருச்சியிலோ இருந்தவரை பழைய பேப்பர்காரர் வாசலுக்கே வருவார். தராசில் போடுவார், கொஞ்சம் பேரம் நடக்கும், காசு கைக்கு வரும். சிங்கப்பூர் வந்ததும் அந்த வழக்கம் அப்படியே நின்றுவிடுகிறது. அடுக்குமாடி புளோக்கின் கீழே மறுசுழற்சிக்கான நீலத் தொட்டி இருக்கிறது, அதில் போட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

ஆனால் அதே புளோக்கின் கீழே, தள்ளுவண்டியில் அட்டையை அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போகும் மூதாட்டியையும் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரின் மறுசுழற்சியில் இவர்களுக்கும் பங்கு உண்டு. 2024இல் வீடுகளிலிருந்து மறுசுழற்சிக்குப் போன கழிவு 11 விழுக்காடுதான். நீலத் தொட்டியில் விழுவதிலும் ஏறக்குறைய 40 விழுக்காடு உணவுக் கறையோ வேறு குப்பையோ கலந்து வீணாகிறது. சிங்கப்பூரின் ஒரே குப்பை நிலநிரப்பான செமாக்காவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இந்த நிலையில், அந்த மூதாட்டி கையால் பிரித்து, மடித்து, காயவைத்துக் கொண்டுபோகும் அட்டை நேராக மறுசுழற்சிக்குப் போய்ச் சேருகிறது.

மறுசுழற்சிக்கென்று இங்கே செயலிகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை வீட்டுக்காரர்களையும் நிறுவனங்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. புள்ளிகளும் பரிசுப் பற்றுச்சீட்டுகளும் வீட்டுக்காரருக்குத்தான் வருகின்றன. வண்டி தள்ளுபவருக்கு எதுவும் வருவதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: கைப்பேசி வேலையை நாம் பார்க்க வேண்டும், காசு அவர் கைக்குப் போக வேண்டும். அப்படி நடக்காத கருவி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்த வேலைக்குப் பயன்படாது.

யார் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கரங்குனிக்காரர் வேறு, அட்டை சேகரிப்பவர் வேறு. கரங்குனிக்காரர் ஹாரன் அடித்தபடி தாழ்வாரம் தாழ்வாரமாக வருவார். பழைய செய்தித்தாள், துணி, மின்விசிறி, வானொலி எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குவார். இவர்களில் பலர் ஏற்கெனவே மின்னிலக்கத்துக்கு மாறிவிட்டார்கள். பழைய பொருள் வாங்கி விற்கும் கரோசல் தளத்தில் விளம்பரம் போடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் விலை சொல்கிறார்கள். இவர்களுக்கு நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொருளைத் தெளிவாகப் படம் எடுத்து, எந்த மாடி, மின்தூக்கி அந்த மாடியில் நிற்குமா என்று முன்கூட்டியே சொன்னால் போதும். அவருக்கு ஒரு வீண் நடை மிச்சம்.

அட்டை சேகரிப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். கடைகளிலிருந்தும் புளோக்கின் கீழிருந்தும் அட்டையும் கேனும் எடுத்து, எடைக்கு வாங்கும் கடையில் போடுபவர்கள். சிலரிடம் பொத்தான் வைத்த பழைய கைப்பேசிதான் இருக்கும். சிலரிடம் அதுவும் இருக்காது. இந்தக் கட்டுரை முக்கியமாக இவர்களைப் பற்றியது.

இன்னொன்று. இவர்கள் எல்லாரும் வறுமையில் இருப்பவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லாரும் பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2015இல் அன்றைய சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சர் டான் சுவான் ஜின், ஜாலான் புசார் வட்டாரத்தில் அட்டை சேகரிப்பவர்களைச் சந்தித்துவிட்டு, சிலர் உடற்பயிற்சியாகவும் இதைச் செய்கிறார்கள் என்ற பொருளில் எழுதினார். அது பெரிய விவாதமாகி, பலருக்குக் கோபம் வந்தது. வாடகைக்காகத் தள்ளுபவரும் உண்டு, பிள்ளைகளிடம் கை நீட்டக் கூடாது என்று தள்ளுபவரும் உண்டு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தள்ளுபவரும் உண்டு. உங்கள் புளோக்கில் இருப்பவர் யார் என்பது அவரிடம் பேசினால்தான் தெரியும்.

முதல் படி: பேசுங்கள்

செயலி பிறகு. முதலில் முகம் பழக வேண்டும். மூதாட்டியானால் "ஆண்டி", முதியவரானால் "அங்கிள்". இந்த ஊரில் யாரையும் அப்படிக் கூப்பிடலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். இந்தத் தலைமுறையில் பலருக்கு ஹொக்கியென், தியோச்சியூ, கேன்டனீஸ்தான் தாய்மொழி. ஆங்கிலம் வராவிட்டாலும் பசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் எளிய மலாய், கொஞ்சம் வரும். "கோத்தாக் அடா, மாவ்?" என்றால் "பெட்டி இருக்கிறது, வேண்டுமா?" என்று பொருள். "எசோக் பாகி" என்றால் நாளைக் காலை. இந்த இரண்டும் போதும், தொடங்கிவிடலாம். கூகல் மொழிபெயர்ப்பில் மாண்டரின், மலாயோடு இப்போது கேன்டனீசும் இருக்கிறது. பேசினால் அதுவே மொழிபெயர்த்துக் குரலாகச் சொல்லும். திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமல், ஒலியைக் கூட்டி இருவருக்கும் நடுவே பிடியுங்கள்.

மூன்று விஷயம் கேட்டால் போதும்: என்னென்ன எடுப்பீர்கள், எந்த நேரம் வருவீர்கள், எங்கே வைத்தால் உங்களுக்கு வசதி. அவர் பெயர், வயது, பிள்ளைகள் பற்றியெல்லாம் முதல் நாளே விசாரிக்க வேண்டாம். படமும் எடுக்க வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் ஒரு மூதாட்டியின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டார். அந்த அம்மா வேறு புளோக்குப் பக்கம் போய்விட்டார். உதவி செய்ய வேண்டுமானால் படம் தேவையே இல்லை.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்தார்கள்

பிரேசிலில் கட்டாக்கி என்று ஒரு செயலி 2017இல் வந்தது. முன்டானோ என்ற சுவரோவியக் கலைஞர் தொடங்கிய அமைப்பு அதை உருவாக்கியது. வீட்டில் பழைய பொருள் இருப்பவர் செயலியைத் திறந்தால், பக்கத்தில் இருக்கும் சேகரிப்பாளரின் விவரமும் தொலைபேசி எண்ணும் தெரியும். நேராகக் கூப்பிட்டுப் பேசி, என்ன கூலி என்று இருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். நடுவில் செயலி பங்கு எடுப்பதில்லை. 2018இல் பாரிசில் நெட்எக்ஸ்ப்ளோ என்ற புத்தாக்க விருதும் அதற்குக் கிடைத்தது. சேகரிப்பாளரிடம் திறன்பேசி இருந்தே ஆக வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன் போதும் என்று வடிவமைத்தார்கள்.

நம்ம சென்னையில் கபாடிவாலா கனெக்ட் என்ற நிறுவனம், நகரத்தில் காயலான் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை வரைபடத்தில் குறிப்பதில் தொடங்கியது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் வலையை முதலில் கண்ணுக்குத் தெரியச் செய்துவிட்டு, அதன் மேல் மற்றதைக் கட்டினார்கள்.

இந்த இரண்டிலிருந்தும் நமக்கு வேண்டியது இதுதான்: பெரியவரிடம் புதுச் செயலியைத் திணிக்காதீர்கள். அவர் போகும் பாதையும் நேரமும் அவருக்கு அத்துப்படி. நாம் அதற்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும்.

கேனுக்கும் போத்தலுக்கும் இப்போது கிடைக்கும் 10 காசு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சேகரிப்பவர்களின் வருமானத்தை இப்போதைக்கு அதிகம் மாற்றக்கூடியது இதுதான்.

2026 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் பானக் கொள்கலன் திருப்பிக் கொடுக்கும் திட்டம் நடப்பில் இருக்கிறது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல், உலோகக் கேன் ஒவ்வொன்றுக்கும் 10 காசு முன்பணம். பானம் வாங்கும்போது அதைக் கட்டிவிடுகிறோம். காலியான கொள்கலனைத் திருப்பிக் கொடுக்கும் இயந்திரத்தில் போட்டால் அந்த 10 காசு திரும்பி வரும். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் திருப்பிக் கொடுக்கும் இடம் ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. கண்ணாடிப் போத்தலும் காகிதப் பெட்டியில் வரும் பானமும் இதில் சேராது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ அட்டைக்கு இங்கே 10 காசை ஒட்டித்தான் விலை கிடைத்து வந்திருக்கிறது, சில சமயம் அதற்கும் கீழே. 2018இல் சீனா வெளிநாட்டுக் கழிவுத்தாளுக்குக் கதவைச் சாத்தத் தொடங்கியதிலிருந்து அந்த விலை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அதாவது ஒரு கிலோ அட்டையும் ஒரு காலிக் கேனும் ஏறக்குறைய ஒரே காசு. 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பாதிக்க 100 கிலோ அட்டை தள்ள வேண்டும். 100 கேன்களின் எடையோ ஒன்றரைக் கிலோகூட வராது. முதுகு வளைந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்தனை வருடமாக இவர்கள் கேனைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிப் பழகியவர்கள். தட்டையாக இருந்தால்தான் பையில் நிறைய அடங்கும், கடையில் எடைக்குப் போடவும் சுலபம். திருப்பிக் கொடுக்கும் இயந்திரம் நசுங்கிய கேனை எடுக்காது. பட்டைக்குறியீடும் முன்பணக் குறியும் அதற்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மிதித்த கணத்தில் அந்த 10 காசு போய்விடுகிறது. அதனால் நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி, அவரோடு ஒரு தடவை இயந்திரம் வரை நடந்து போய்க் காட்டுவது. முழுக் கேன் ஒன்று, நசுங்கிய கேன் ஒன்று, இரண்டையும் அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் பத்துத் தடவை சொல்வதைவிட இது பதியும்.

பிறகு வீட்டில் இப்படிச் செய்யுங்கள்:

1. குடித்து முடித்த போத்தலை, கேனைக் காலி செய்து லேசாக அலசுங்கள். இனிப்புப் பானம் ஒட்டியிருந்தால் பையில் எறும்பு வரும், சுமப்பவருக்குத்தான் தொல்லை.
2. போத்தலில் சுற்றியிருக்கும் லேபிளைக் கிழிக்காதீர்கள். பட்டைக்குறியீடு அதில்தான் இருக்கிறது.
3. முன்பணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாத பழைய சரக்குக்குப் பணம் வராது. அதைத் தனியாக வையுங்கள், எடைக்குப் போட்டுக்கொள்வார்.
4. குறி உள்ளதை ஒரு பையிலும் மற்றதை இன்னொரு பையிலும் கொடுங்கள். இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு, பின்னால் வரிசை காத்திருக்க, அவர் பிரித்துக்கொண்டிருக்கக் கூடாது.

திரும்பி வரும் பணம் பெரும்பாலும் ரொக்கமாக அல்லாமல் மின்னிலக்க வழியில்தான் வரும். இயந்திரத்தின் திரை என்னென்ன வழி காட்டுகிறது என்று பாருங்கள். அவர் ஏற்கெனவே சட்டைப் பையில் வைத்திருக்கும் எதையாவது அது ஏற்குமானால் அதையே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுங்கள். உங்கள் கைப்பேசியில் பணத்தை வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுப்பதும் ஒரு வழிதான். அப்படிச் செய்தால் அங்கேயே, அப்போதே, திரையில் வந்த தொகையை அவருக்குக் காட்டிவிட்டு எண்ணிக் கொடுங்கள். "அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சே வேண்டாம்.

நீலத் தொட்டிக்குள் போனதைத் தோண்டி எடுக்க யாரையும் தூண்டாதீர்கள். தொட்டியில் விழுந்தது அந்த வட்டாரத்தின் பொதுக் கழிவு சேகரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அதைக் கிளறினால் கண்ணாடி கையைக் கிழிக்கும், புளோக்கில் சண்டையும் வரும். தொட்டிக்குப் போகும் முன் கையில் கொடுப்பதுதான் முறை.

பெட்டி எடை பார்க்கும் தராசு

ஊருக்குப் போகும்போது 30 கிலோவைத் தாண்டிவிடக் கூடாதே என்று பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன மின்னிலக்கத் தராசு உங்கள் வீட்டு அலமாரியில் நிச்சயம் இருக்கும். நான் சொல்லும் கருவிகளிலேயே விலை குறைந்தது இதுதான், பெரியவர்கள் உடனே புரிந்துகொள்வதும் இதுதான். அட்டைக் கட்டின் கயிற்றில் கொக்கியை மாட்டித் தூக்கினால் எடை தெரிந்துவிடும். கடைக்குப் போகும் முன்பே எத்தனை கிலோ இருக்கிறது என்று தெரிந்திருந்தால், அங்கே சொல்லும் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சண்டை போட வேண்டியதில்லை, "ஆண்டிக்கு எடை தெரியும்" என்று கடைக்காரருக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. பெரிய கட்டானால் தராசின் தாங்கும் அளவைப் பார்த்து இரண்டாகப் பிரித்துத் தூக்குங்கள். அதையும் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

எடையோடு விலையையும் குறித்து வையுங்கள். கூகல் ஷீட்டில் நான்கே நெடுவரிசை: தேதி, பொருள், கிலோ, கிலோவுக்கு என்ன விலை. சில மாதங்களில் எந்தக் கடை நியாயமாக வாங்குகிறது என்பது தானாகத் தெரியும். அவருக்கு எழுத்து வாசிக்க வராவிட்டாலும் எண் வாசிக்க வரும். ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், பையில் வைத்துக்கொள்வார்.

நனைந்த அட்டைக்குக் கடையில் கழித்துக்கொள்வார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் மழை எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள். மழை வருகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அட்டையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து மறுநாள் கொடுக்கலாம்.

புளோக்குக்கு ஒரு வாட்ஸ்அப் குழு

உங்கள் ஒரு வீட்டிலிருந்து கிடைப்பது சொற்பம். ஒரு மாடியில் ஐந்தாறு வீடு சேர்ந்தால்தான் பெரியவருக்குப் பிரயோசனம். புளோக்கில் ஏற்கெனவே தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தொடங்கிய தமிழ்க் குழு இருந்தால், அதிலேயே ஆரம்பியுங்கள். பிறகு சீன, மலாய் அண்டை வீட்டாரையும் சேர்த்துத் தனிக் குழு ஆக்கிக்கொள்ளலாம். அவர்களில் யாராவது ஒருவருக்கு ஹொக்கியென் தெரிந்திருக்கும், உங்கள் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

குழுவில் பெரியவரைச் சேர்க்க வேண்டாம். ஒரே ஒருவர் தொடர்பாளராக இருந்து அவரிடம் பேசினால் போதும். பத்துப் பேர் பத்து நேரத்தில் கூப்பிட்டால் அவர் போனையே எடுக்க மாட்டார். அவர் வரும் கிழமைக்கு முந்தின இரவு தொடர்பாளர் ஒரு வரி போடட்டும்: "நாளைக் காலை 8 மணி, அட்டை, கேன்." அவ்வளவுதான். குழுவில் அவருடைய முழுப்பெயர், வீட்டு எண், அடையாள அட்டை எண் எதையும் எழுதாதீர்கள்.

முந்தின இரவே தாழ்வாரத்தில் அட்டையைக் குவித்து வைக்காதீர்கள். தீ விபத்தில் ஆட்கள் தப்பிக்கும் வழி அது, 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும். புகார் வந்தால் நகர மன்றம் எடுத்துப் போட்டுவிடும், பெரியவர் வெறுங்கையோடு திரும்புவார். அவர் வரும் நேரத்துக்குக் கையில் கொடுங்கள், அல்லது நீங்களே கீழே கொண்டு வாருங்கள்.

வரைபடம்

சிங்கப்பூர் அரசின் வரைபடச் செயலியான ஒன்மேப்பில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான தடையில்லாப் பாதை காட்டும் வசதி உண்டு. தள்ளுவண்டிக்கும் அது அப்படியே பொருந்தும். படிக்கட்டு இல்லாத வழியில் இயந்திரத்துக்கோ கடைக்கோ போக ஒரு தடவை தேடிப் பார்த்து, நீங்கள் நடந்தும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சாலை ஓரமாக வண்டி தள்ளுபவரை நடைபாதைப் பக்கம் கொண்டுவர இது உதவும்.

பேநவ், மோசடி, சிங்பாஸ்

சிலர் வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் பேநவ் வழியைக் கேட்பார்கள், நல்லதுதான். கைப்பேசி எண்ணோடோ அடையாள அட்டை எண்ணோடோ வங்கிக் கணக்கை இணைத்துவிட்டால் போதும், பணம் வாங்க ஒவ்வொரு தடவையும் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இணைப்பை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். வங்கிக் கிளைக்கு அழைத்துப் போங்கள், அல்லது அவர் பிள்ளைகள் செய்யட்டும். அரசாங்க இணையச் சேவைகளுக்கான அவருடைய சிங்பாஸ் கடவுச்சொல், வங்கி ரகசிய எண் எதுவும் உங்களுக்குத் தெரியவே கூடாது. அவரே சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு வெள்ளி குறைந்தால்கூட நல்ல உறவு கெட்டுவிடும்.

"பணம் திரும்பக் கிடைக்கும், இந்த இணைப்பைத் தட்டு" என்று குறுஞ்செய்தி வந்தால் தட்டக் கூடாது என்று சொல்லி வையுங்கள். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799க்கு அழைத்துக் கேட்கலாம்.

மின்கழிவைத் தனியாகப் பாருங்கள்

பழைய கைப்பேசி, மடிக்கணினி, பவர் பேங்க், மின்கலம் இவற்றைப் பெரியவரிடம் கொடுக்காதீர்கள். லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பிடிக்கும், அட்டைக் கட்டுக்கு நடுவே அது இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுக்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பேற்கும் திட்டம் இருக்கிறது. கடைத்தொகுதிகளிலும் பெரிய மின்சாதனக் கடைகளிலும் அதற்கான தொட்டிகள் உண்டு. புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால், கொண்டுவரும் கடைக்காரரே பழையதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், கேளுங்கள்.

கூடுதல் உதவி தேவைப்பட்டால்

பெரியவருக்கே திறன்பேசி கற்றுக்கொள்ள ஆசை வந்தால் சமூக மன்றத்துக்கோ பொது நூலகத்துக்கோ அழைத்துப் போங்கள். எஸ்ஜி மின்னிலக்க அலுவலகத்தின் மின்னிலக்கத் தூதர்கள் அங்கே ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். 60 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த சிங்கப்பூரர்களுக்குச் சலுகை விலையில் திறன்பேசி வழங்கும் திட்டமும் இருக்கிறது, அதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ சிரமப்படுகிறார் என்று தெரிந்தால், அரசின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் உதவி எண் 1800-222-0000. அழைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "எனக்கு யார் தயவும் வேண்டாம்" என்று சொல்பவர்கள் நிறைய. அப்படிச் சொன்னால் விட்டுவிடுங்கள், கேனை மட்டும் கொடுத்துக்கொண்டிருங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அவரே கேட்கலாம்.

வீடு மாறும்போது இதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். வாடகை வீட்டில் இருக்கும் நாம் ஒன்றிரண்டு வருடத்தில் வேறு வட்டாரத்துக்குப் போய்விடுவோம், அவர் அதே புளோக்கில்தான் இருப்பார். போவதற்கு முன் அடுத்த தொடர்பாளரை நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். விலைக் குறிப்பேட்டைப் புதிய தொடர்பாளர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள், தராசையும் கொடுத்துவிடுங்கள். உங்கள் கைப்பேசியில் பெரியவரைப் பற்றி வேறு ஏதாவது குறித்து வைத்திருந்தால் அதை அழித்துவிட்டுக் கிளம்புங்கள்.